கெட்டிமேளம் சொன்ன கை

கோவில்பட்டியில் நானும் என் மச்சானும் சேர்ந்து கல்யாண வீடியோ கடை நடத்துகிறோம். மச்சான் என்றால் என் வீட்டுக்காரியின் அண்ணன். கேமரா அவர் தோளில், எடிட்டிங் என் மேஜையில். எந்த வகுப்பிலும் உட்கார்ந்து படித்ததில்லை; தட்டித் தட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான்.

வருஷக்கணக்காகக் கை பழகியிருந்த எடிட்டிங் சாப்ட்வேரைக் கம்பெனிக்காரர்கள் ஒருநாள் அடியோடு மாற்றிவிட்டார்கள். முன்பு திரையில் எல்லாம் வரிவரியாக இருக்கும். மேல்வரியில் படம், அடுத்த வரியில் பாட்டு, அதற்கும் கீழே மேளம். படத்தை வெட்டினாலும் மேளம் தன் இடத்தில் அசையாமல் கிடக்கும். புதியதில் வரியே கிடையாது. ஒன்றோடொன்று காந்தம் மாதிரி ஒட்டிக்கொள்ளும். நடுவில் ஒரு துண்டை எடுத்தால், பின்னால் இருப்பது நகர்ந்து வந்து இடைவெளியை மூடிவிடும். பழைய வேலை எதையும் திறக்கவும் மாட்டேன் என்றது. மதுரையிலிருந்து நாகர்கோவில் வரை தொழில்காரர்கள் திட்டித் தீர்த்தார்கள்.

மச்சானிடம் சொலவடைக்குப் பஞ்சமே கிடையாது. "மழைக்குக் கரிசக்காட்டுல நடந்தா கால்ல பாதிக் காடு ஒட்டிக்கிட்டு வருமே, அதை விலைகுடுத்து வாங்கிட்டு வந்திருக்கீரு மாப்ள."

"புதுச் செருப்பு கடிக்கத்தான் செய்யும் மச்சான். அதுக்காக வெறுங்காலோடயா நடப்பாவ?"

"நடயும், நடயும். விழுந்தாச் சொல்லியனுப்பும்."

நான் விழுவதாக இல்லை. எனக்கு அது பிடித்துப்போயிருந்தது. இடைசெவல் பக்கத்துக் கிராமத்துக் கல்யாணம் ஒன்றைத் துணிந்து அதிலேயே செய்தேன்.

வேலை முடிகிற சமயத்தில் பெண்ணின் அப்பா கடைக்கு வந்தார். கல்யாணப் பந்தியில் ஏதோ வார்த்தை தடித்து, பெண்ணின் தாய்மாமனோடு அவருக்குப் பேச்சே நின்றுபோயிருந்தது.

"தம்பி, அந்த ஆளு மூஞ்சி ஒரு இடத்துலயும் வரக்கூடாது. எடுத்துரும்."

"தாய்மாமா இல்லாமக் கல்யாணமா அண்ணாச்சி?"

"இருந்ததுதான தப்பாப் போச்சு!"

பெண்ணும் கூட வந்திருந்தது. வாரக் கடைசியில் புருஷனோடு மஸ்கட் போகிறது; இந்த வீடியோவைக் கையோடு கொண்டுபோக வேண்டும். "மாமா இருக்கட்டும்பா" என்று கெஞ்சியது. "ஏட்டி, சும்மா இரி" என்றார் அவர்.

கல்யாண வீட்டுச் சண்டையில் வீடியோக்காரன் கட்சி சேரக்கூடாது. வெட்டினேன். பழையதில் என்றால் வெட்டின இடமெல்லாம் கறுப்பாக வாய் பிளந்து நிற்கும். இதில் மாமாவை நீக்க நீக்க, கல்யாணம் தானாகக் கூடிக்கொண்டது. அவர் வந்துபோன சுவடே இல்லை.

"பாத்தீரா மச்சான்?"

"பாத்தேன். மனுசன் செத்தாக்கூட இவ்வளவு வெரசா மறக்க மாட்டாவ."

மறுநாள் அப்பாவும் பெண்ணும் பார்க்க வந்தார்கள். எல்லாம் நன்றாகப் போனது. தாலி கட்டும் இடம் வந்தது. மாப்பிள்ளையின் கை கழுத்தருகே போகிறது, அட்சதை விழுகிறது, வாய்கள் அசைகின்றன. மேளத்தைக் காணோம். துளிச் சத்தம் இல்லை.

அப்பா எழுந்துவிட்டார். "என்ன தம்பி இது? தாலி கட்டுத நேரத்துல எவனும் தும்முனாக்கூடக் காதுல விழக்கூடாதுன்னுதான கெட்டிமேளமே அடிக்கோம்! இங்கன என்னடான்னா இழவு வீடு மாதிரில்லா இருக்கு!"

எனக்கு உடனே விளங்கிவிட்டது. மண்டபத்துச் சத்தத்தில் கூட்டத்தின் இரைச்சலும் கலந்துவிடும். அதை அடக்கிவிட்டு, தனியாகப் பதிந்து வைத்திருக்கிற நல்ல மேளத்தைப் போடுவது எங்கள் வழக்கம். ஒருவர் கையை உயர்த்தி "கெட்டிமேளம்!" என்று சொல்கிற இடத்தில் அதைத் தொடங்குவோம். அந்தக் கல்யாணத்தில் கையை உயர்த்தியவர் தாய்மாமன். மேளம் அவர் படத்தோடு ஒட்டியிருந்தது. அவரை எடுத்ததும் அதுவும் கூடவே போய்விட்டது.

இதைத்தான் அவர்களிடம் சொன்னேன். வேறு படத்தோடு மேளத்தை ஒட்டவைக்கவும் முடியும் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் பெண் முந்திக்கொண்டது.

"அவிய கையாவது இருக்கட்டும்பா. யாரு கைன்னு அதுல எழுதியா இருக்கு?"

அப்பா திரைக்கு அருகே குனிந்தார். "கை மட்டும்னா சரி."

கையை மட்டும் பெரிதாக்கிப் போட்டேன். மேளம் முழங்கியது. பெண் சிரித்தது. அவர் முகத்தைச் சுளித்தார்.

"கை மட்டும் தனியா ஆடுது, பேயி கூப்பிடுத மாதிரி. தோளு வரைக்கும் காட்டும்."

காட்டினேன்.

"இப்பத் தலையில்லாத முண்டமால்லா நிக்கான்!" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார். "முழுசாவே போட்டுத் தொலையும். மஸ்கட்ல போயி இவ மாமனைத் தேடி அழுதா, யாரு பதில் சொல்லுதது?"

பெண் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டது. "அண்ணே, மாலை போடுததுலயும் மாமா இருந்தாவல்லா?" என்றது, வாசலுக்குக் கேட்காத குரலில்.

வாசலில் நின்றவர் திரும்பவில்லை. மாலை போடும் படத்தை எடுத்து நடுவில் வைத்தேன். பின்னால் இருந்த கல்யாணம் மொத்தமும் நகர்ந்து, மாமாவுக்கு இடம் விட்டது.