பேரரசருக்குக் கட்டிய கறுப்புக் கட்டம்

என் கணவரை நானே என் கையால் சாவுக்கு அனுப்பி வைத்தேன். சொல்லும்போது இன்றைக்கும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். தண்ணீர்மலை முருகன் எனக்குச் செய்ததை மூடி வைத்தால் நான் நன்றி கெட்டவள்.

1944, சித்திரை மாதம். பினாங்கில் ஜப்பான்காரன் ஆட்சி. சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் நாங்கள் தமிழ் வாரப் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தோம். நாங்கள் என்றால் இரண்டே பேர். வீட்டுக்காரர் சபாபதி எழுதுவார், அச்சு மிஷினை மிதிப்பார், சைக்கிளில் கொண்டுபோய்ப் போடுவார். நான் எழுத்துக் கோப்பேன். அரிசிப் பங்கீடு, கல்யாணம், கோயில் பூஜை, சாவு, இவைதான் செய்தி. அதிலும் சாவுதான் அதிகம். மரவள்ளிக் கிழங்கையே தின்று கால் வீங்கிச் செத்தவர்கள், சயாம் ரயில் பாதை போடும் வேலைக்குப் போய்த் திரும்பாதவர்கள் என்று வாரம் தவறாமல் மரண அறிவித்தல் வரும். அதற்கு நாலு பக்கமும் தடித்த கறுப்புக் கோடு போட்ட கட்டம் வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஈயக் கோடுகளைப் பிரித்துக் கட்ட எனக்குச் சலிப்பு. அதனால் கட்டத்தை நூலால் இறுக்கிப் பலகையில் தயாராகவே வைத்திருப்பேன். உள்ளே பெயரை மாற்றினால் போதும். அந்தச் சாமர்த்தியத்தில் எனக்குப் பெருமை வேறு.

மையும் அப்போது கிடைக்காது. விளக்குக் கரியையும் தேங்காயெண்ணெயையும் குழைத்து அவரே காய்ச்சுவார். அந்த மை லேசில் காயாது. அடித்த தாளைத் துணி காயப்போடுவதுபோல் கொடியில் தொங்கவிட்டு அரை நாள் காத்திருக்க வேண்டும். கை, சேலை, முகம் எல்லாம் கரி. இந்த மையைக் காயவைக்கக்கூட உனக்கு வக்கில்லையா என்று நான் முருகனை ஏசாத நாளில்லை.

ஜப்பான் பேரரசரின் பிறந்தநாள் வந்தது. வாழ்த்தை முதல் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட வேண்டும், முதல் பிரதியைப் பகல் பன்னிரண்டு மணிக்குள் ஜப்பான்காரனின் தணிக்கை ஆபீசில் காட்டி முத்திரை வாங்கிய பிறகுதான் மற்றவை வெளியே போக வேண்டும் என்று உத்தரவு. கையால் எழுதிக் கொடுத்த வாசகத்தை முந்தின நாளே பார்த்துச் சரி என்று சொல்லியிருந்தார்கள். கட்டத்துக்குப் பூ வேலை செய்த ஓரத்துண்டுகளைத் தேடினேன். பாதியைக் காணோம், மீதி தேய்ந்துபோய்க் கிடந்தது. நேரமோ ஓடுகிறது. பலகையில் ஒரு கட்டம் தயாராக இருந்தது. அளவும் கச்சிதம். வாழ்த்தை உள்ளே இறக்கி அச்சுச் சட்டத்தில் பூட்டிக் கொடுத்துவிட்டேன்.

அவரும் எழுத்துப்பிழை மட்டும் பார்த்தார். வாரா வாரம் அந்தக் கறுப்பைப் பார்த்துப் பார்த்து எங்கள் இருவர் கண்ணும் மரத்துப் போயிருந்தது. மணி பதினொன்றரை. ஈரத் தாளை மடிக்காதீர்கள் என்று கத்தினேன். "காயுற வரைக்கும் ஜப்பான்காரன் காத்திருப்பானா?" என்று என்மேல் எரிந்து விழுந்துவிட்டு, நாலாய் மடித்து உறையில் திணித்துக்கொண்டு சைக்கிளில் போய்விட்டார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் பக்கத்துச் சந்து பாக்கியம் அக்கா அழுதுகொண்டே வந்தார். அப்பா விடியற்காலையில் போய்விட்டாராம், பேப்பரில் போட வேண்டுமாம். கறுப்புக் கட்டத்தை எடுக்கப் பலகைப் பக்கம் திரும்பினேன். பலகை காலி.

திரும்பி மிஷினைப் பார்த்தேன். சாவுக் கட்டத்துக்குள் பேரரசரின் பெயர் இருந்தது.

அந்தக் காலத்தில் இதைவிடச் சின்னக் குற்றத்துக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர் எங்கே என்று கேட்கக்கூட ஆளில்லை. அந்தக் கட்டத்துக்குள் என் கண்ணுக்கு வேறு ஒரு பெயர் தெரிந்தது. 'சபாபதி' என்று நானே கோப்பது போலத் தெரிந்தது. அக்காவிடம் ஒன்றும் சொல்லாமல் தெருவில் இறங்கி ஓடினேன். செருப்பில்லை. தார் ரோடு காய்ந்து கொதித்தது. வாயில் வேறு வார்த்தையே வரவில்லை. "முருகா, நான் செஞ்ச தப்பு. அவர விட்டுரு. என்னய எடுத்துக்க." இதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

ஆபீஸ் வாசலில் காவல்காரன். இடுப்பு வளையக் கும்பிட்டு நின்றேன். அவன் தலையசைக்கும் வரை நிமிரக்கூடாது. அந்தக் கொஞ்ச நேரத்தில் என் உயிர் பாதி போய்விட்டது. நிமிர்ந்தபோது திறந்த சன்னல் வழியாக அவரைக் கண்டேன். வரிசையில் நின்று அப்போதுதான் அவர் முறை வந்திருந்தது. அதிகாரி உறையைக் கிழித்துக்கொண்டிருந்தான். எங்கள் வீட்டுக்காரர் ஒன்றும் தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டு பவ்யமாக நிற்கிறார். கண்ணை மூடிக்கொண்டேன்.

பளார் என்று சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால் அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அதிகாரி தாளைக் கசக்கி அவர் முகத்தில் எறிந்து கத்துகிறான். அங்கே எழுத்து வேலை பார்த்த தமிழ்க் கிராணி மொழிபெயர்த்தார். "பேரரசர் வாழ்த்த இப்படி அழுக்குப் பண்ணிக் கொண்டாரதான்னு கேக்குறாரு. ஒரு எழுத்துகூடத் தெரியலையாம். நாலு மணிக்குள்ள சுத்தமா அடிச்சுக் கொண்டாந்துரு தம்பி, இல்லாட்டி உன்னய நான் காப்பாத்த முடியாதுலா."

அவர் வெளியே வந்ததும் கசங்கிய தாளை அவரிடமிருந்து பிடுங்கி மடியில் செருகிக்கொண்டேன். சந்துக்குள் வந்த பிறகுதான் பிரித்துப் பார்த்தேன். ஈரத்தோடு மடித்ததில் மை ஒன்றோடொன்று ஒட்டி முதல் பக்கம் பூராவும் ஒரே கரி. வாழ்த்து எது, கோடு எது, கட்டம் எது, ஒன்றும் தெரியவில்லை. நான் வருஷக்கணக்காக ஏசிய அதே மை. இந்த ஒரு நாளுக்காகத்தான் முருகன் அதைக் காயவிடாமல் வைத்திருந்தான் என்று தோன்றியது. நடுத்தெருவில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். பிறகு வீங்கிய கன்னத்தைத் தடவிக்கொண்டு, "இது தெரிஞ்சிருந்தா அந்தக் கன்னத்துலயும் ஒண்ணு வாங்கிட்டு வந்திருப்பேன் தனம்" என்றார்.

கொடியில் தொங்கிய பிரதிகளை எல்லாம் அடுப்பில் போட்டோம். மிச்சத் தாளில் நாற்பது பிரதிதான் வந்தது. மெல்லிய ஒற்றைக் கோட்டில் கட்டம் கட்டினேன். அடுப்பனலில் காட்டிக் காயவைத்து, அவர் அதை மடிக்காமல் கையில் ஏந்திக்கொண்டு போனார். நாலு மணிக்கு முன்பே முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள். அவர் நிலைப்படி தாண்டி உள்ளே வந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

அடுத்த தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுத்தேன். பசும்பாலுக்கு எங்கே போவது? தேங்காய்ப்பாலைத்தான் ஊற்றிக்கொண்டு போனேன். அவனும் குறை சொல்லவில்லை.

என் வாய் இன்னும் அப்படியே நீளந்தான், பொய் சொல்வானேன். ஆனால் அவனை ஏசுவதை விட்டுவிட்டேன். அன்றைக்குச் சாயங்காலமே இன்னொன்றும் செய்தேன். அந்தச் சாவுக் கட்டத்தின் நூலை அறுத்துக் கோடுகளைத் தனித்தனியாகப் பெட்டியில் போட்டேன். பிறகு பாக்கியம் அக்காவின் அப்பாவுக்காகப் புதிதாக ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டினேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. ஆகட்டும். அதன்பிறகு எந்தச் சாவுக்கும் அப்படித்தான்.

சாவை எதிர்பார்த்து ஒரு கட்டத்தைத் தயாராக வைத்துக்கொண்டுதான் நான் அத்தனை நாளும் சாமி கும்பிட்டிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் மனசிலும் அப்படி ஒன்று கட்டி வைத்திருந்தால் இன்றைக்கே நூலை அறுத்துவிடுங்கள். அவனை நம்பி அறுங்கள். நான் அறுத்தேன். அதோ, கடையில் மை கிடைக்கிற இந்தக் காலத்திலும் எங்கள் வீட்டுக்காரர் உள்ளே மை காய்ச்சிக்கொண்டிருக்கிறார்.