நடுவில் அவிழ்த்த காப்பு

மஞ்சள் தடவிய கயிறு, அதில் கோத்த ஒரு விரலி மஞ்சள். பள்ளிபாளையத்து நூல் மில்லில் எங்கள் மேனேஜரின் வலது மணிக்கட்டில் பங்குனிதோறும் அதைப் பார்த்திருக்கிறேன். நான் சேலத்துக் கிறிஸ்தவப் பெண். கணக்குப் பிரிவில் அவருக்கு எதிர் மேசை. மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியவர் நோன்பு முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பதால், அந்த நாட்களில் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ஈரோட்டு பேங்க் வேலையெல்லாம் என் தலையில் விழும்.

மில்லுக்கான கரண்டைச் சந்தையில் அன்றாட விலைக்கு வாங்கினோம். கோடையில் விலை எகிறினால் மெஷின்களை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்யும் பெண்களை ஊருக்கு அனுப்ப வேண்டும். அது நடக்கக் கூடாதென்றுதான் மேனேஜர் மே மாத விலையை முன்கூட்டியே பேசி வைக்கும் மின்சார முன்பேரம் போட்டார். சந்தை ஏறினால் முன்பேர லாபம் கூடுதல் செலவை ஈடுகட்டும். இறங்கினால் முன்பேரத்தில் நஷ்டம், ஆனால் கரண்டு மலிவு. எப்படியும் மில்லுக்கு விலை ஏறக்குறைய ஒன்றுதான். “காப்புக் கட்டியாச்சு அம்மிணி. நோம்பி முடியறவரைக்கும் அவுக்கக் கூடாது” என்று சிரித்தார்.

பங்குனிக் கடைசியில் யாரும் எதிர்பாராத மழை. கரண்டுத் தேவை குறைந்து விலை சரிந்தது. முன்பேர நஷ்டத்துக்குத் தினமும் பணம் கட்டச் சொல்லி புரோக்கரிடமிருந்து செய்தி வந்தபடி இருந்தது. சின்ன முதலாளி முன்பு ஆன்லைன் மஞ்சள் முன்பேரத்தில் சூதாடிக் கையைச் சுட்டுக்கொண்டவர். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். இந்தப் பூனைக்கு நகமும் இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கதவை உதைத்துத் திறந்தார். “நான் மஞ்சள்ல தொலைச்சது பத்தாதுன்னு கரண்டுலயும் சூதாடறயாடா?” மெஷின் ஃபிட்டர் மேசைமேல் விட்டுப்போன பைப் ஸ்பேனரை எடுத்தார். முதல் அடியில் கம்ப்யூட்டர் திரை நொறுங்கி, சில்லுகள் என் சோற்றில் விழுந்தன. “சூது இல்லீங்க, நடுவுல உட்டாத்தான் சூது” என்று மேனேஜர் கையை நீட்டித் தடுத்தார். இரண்டாவது அடி அந்தக் கையில். எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது. அவர் அலறியது வெளியே யாருக்கும் கேட்கவில்லை. ஓடுகிற மில்லில் மனிதக் குரலுக்கு மதிப்பில்லை. மஞ்சள் கயிறு ரத்தத்தில் ஊறியது. மூன்றாவது அடிக்கு ஸ்பேனர் உயர்ந்தபோது, தண்ணீர்ச் சொம்பைச் சின்ன முதலாளியின் நெற்றியைப் பார்த்து வீசினேன். சரியாகப் பட்டது. அதற்காக இன்றுவரை நான் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை, செய்யவும் மாட்டேன்.

நெற்றியில் ரத்தம் வழிய, அந்த மனிதர் புரோக்கருக்குப் போன் போட்டார். “அத்தனையும் வித்துத் தள்ளு, இப்பவே!”

மேனேஜரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஈரோட்டுக்கு விரைந்தேன். காவிரிப் பாலம் வந்ததும், “எல்லை தாண்ட வேண்டாம் அம்மிணி” என்று குழந்தைபோல் அழுதார். நான் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் கை வீங்கிக் கயிறு சதையில் புதைந்திருந்தது. நர்ஸ் கத்தரிக்கோலால் வெட்டினாள். அதற்குள் அங்கே மில்லின் காப்பும் அறுந்துவிட்டிருந்தது.

மே மாதம் வானம் தீயைக் கொட்டியது. கரண்டு விலை ஏறியது, ஏறிக்கொண்டே போனது. ஈடுகட்ட எங்களிடம் எதுவும் இல்லை. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பையும் வாளியுமாக பஸ்ஸுக்கு நின்ற பெண்களில் ஒருத்தி, “திரும்ப எப்பங்க்கா வரச் சொல்லுவாங்க?” என்று கேட்டாள். அந்த மாதமே நானும் வேலையை விட்டேன்.

இப்போது வேறொரு மில்லில் முன்பேரம் போடுவது என் வேலை. இந்தப் பங்குனியில் பாலத்துக்கு இக்கரையில் மேனேஜரைப் பார்த்தேன். வலது மணிக்கட்டு கோணலாகக் கூடியிருந்தது. காப்பு இடது கைக்கு மாறியிருந்தது.

“அந்த ஆள்மேல கோவமே வரலீங்களா?” என்று கேட்டேன்.

கயிற்றைத் தடவிக்கொண்டே சொன்னார்: “அடிச்சது ஆறிப்போச்சு அம்மிணி. அவுத்ததுதான் ஆறலே.”