முன்கதவு இல்லாத மாளிகை

என் அக்காள் புருஷன் வல்திவினோ ஜனாதிபதி மாளிகையைக் கட்டியவர். இதை நான் சொல்லவில்லை, அவர் சொன்னார். சாகிற வரைக்கும் சொன்னார். புதுத் தலைநகர் பிரசீலியாவில் அந்த மாளிகை எழும்பிய காலத்தில், ஒரு மழைக்காலம் முழுக்க அங்கே கான்கிரீட் கலவை சுமந்தார். கண்ணாடி பதிக்கத் தொடங்கும் முன்பே மேஸ்திரியிடம் வாயைக் கொடுத்துவிட்டு ஊருக்கு பஸ் ஏறிவிட்டார். அதற்கப்புறம் மாளிகையை அவர் பார்த்தது பெட்ரோல் பங்க்கில் கொடுத்த காலண்டரில்தான்.

அந்தக் காலண்டரை வைத்துத்தான் வீடு கட்டினார். பழைய மண்வீட்டின் முகப்பை இடித்து, தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி போட்டார். அதற்கு முன்னால் நாலு வெள்ளைத் தூண்கள், கொடியில் காயும் போர்வை காற்றில் உப்பினது போல வளைந்து நின்றன. மாளிகைக்கு அது அழகாகவே இருக்கலாம், நான் போய்ப் பார்த்ததில்லை. இரண்டு அறை வீட்டுக்கு முன்னால் அது கழுதைக்குக் கல்யாணக் கோட்டு மாட்டின மாதிரி இருந்தது. கூரையின் பாரம் பூராவும் பக்கத்துச் சுவர்கள்மேல். தூண்கள் சும்மா நின்றன, எங்கள் அத்தானைப் போலவே.

அக்கா சுல்மீராதான் முதலில் கேட்டாள். "ஏங்க, வாசக்கதவு எங்கங்க?"

"படத்துல கதவு தெரியுதா பாரு."

"அது குளத்துக்கு அந்தப் பக்கம் நின்னு எடுத்த படம். கதவு இல்லாம ஜனாதிபதி எப்படி உள்ள போவாரு?"

"அது அவர் பாடு. நாம பின்பக்கமாப் போவோம்."

பின்பக்கம் என்றால் பன்றிக் கொட்டிலைத் தாண்டி, அடுப்படி வழியாக. சாயங்கால வெயில் நேரே கண்ணாடியில் விழும். அக்கா ஒரு பூப்போட்ட போர்வையைக் கட்டித் தொங்கவிட்டாள். மாளிகையில் போர்வை தொங்குமா என்று அவர் பிடுங்கிப் போட்டார். அன்றிலிருந்து அவள் கோழிக்கூண்டுக்குப் பின்னால் நின்று உடை மாற்றினாள். ஒரு பெண்ணுக்கு இப்படியா ஒரு வீடு?

அந்த வருஷம் அவள் மகள் இல்தாவுக்குத் தொண்டை அடைப்பான் வந்தது. பிள்ளை பிழைத்தால் தேவபாலனைத் தேடி வந்த மூவரசரின் கொடியை வீட்டுக்குள் வரவேற்று, அதை ஏந்தி வீடு வீடாக வரும் பாட்டுக்காரர்களுக்கு விருந்து போடுவதாக அக்கா நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தது. ஜனவரி மழையோடு கொடி வந்தது.

பன்றிக்கறியும் எங்கள் காட்டுப் பெக்கிக்காய் போட்ட சோறும் ஆவி பறக்க, இல்தாவைப் புதுச் சட்டையில் நிறுத்திக்கொண்டு நாங்கள் உள்ளே நின்றோம். வெளியே டோலக்கும் கிட்டாருமாக, கதவைத் திறக்கச் சொல்லும் பாட்டைப் பாடினார்கள். கண்ணாடியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பாடிக்கொண்டே போனார்கள், திரும்பி வந்தார்கள். திறக்க ஒன்றுமில்லை. மீன் தொட்டியில் விட்ட மீன்களைப் போல நாங்கள் உள்ளிருந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தோம்.

வல்திவினோ சேற்றில் சுற்றிக்கொண்டு ஓடினார். "அண்ணே, பின்பக்கமா வாங்க, சுத்தமாத்தான் இருக்கு."

கொடி பிடித்த ஒரோசிம்போ கிழவர் அசையவில்லை. "கொடி முன்வாசல்ல நுழைஞ்சு முன்வாசல்லதான்பா வெளிய வரும். பன்னிய விலக்கிட்டு அரசருங்க வர மாட்டாங்க."

"நவீன வீடுண்ணே இது. ஜனாதிபதி வீடு மாதிரி."

"அப்ப ஜனாதிபதியக் கூப்பிட்டு சோறு போடு. நாங்க அடுத்த வீட்டுக்குப் போறோம்."

கொடி திரும்புவதைக் கண்ணாடி வழியாக அக்கா பார்த்தாள். பிள்ளையின் உயிருக்குச் சொன்ன வார்த்தை தெருவோடு போகிறது. அவள் என்னிடம், "இல்தாவத் தூக்கிக்கோடி" என்றாள். அடுப்படியிலிருந்து உலக்கையை எடுத்துவந்து, நடுக் கண்ணாடியில் ஒரே போடு. உதிர்ந்ததன்மேல் சாக்குகளை விரித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"வாங்க பெரியவரே. பாத்து வைங்க காலை."

கொடி நுழைந்தது. ஒவ்வொரு அறையாகப் போனது. இல்தா கொடியின் நுனியை முத்தமிட்டாள். வல்திவினோ தூணோரம் நனைந்துகொண்டு, "அனாபொலிஸ்லேருந்து வந்த கண்ணாடி" என்று யாருக்கும் கேட்காத குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். அவரைச் சாப்பிடவும் நான்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

பழைய வீட்டின் பலகைக் கதவு பன்றிக் கொட்டிலில் கிடந்தது. அக்கா அதைக் கழுவி, ஆள் வைத்து அந்த ஓட்டையில் மாட்டினாள். அவர் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை, அவளுக்கு நிம்மதியான மாதம். பிறகு வாழ்நாள் முழுக்க, யாராவது வீட்டைப் பார்க்க வந்தால், தூண் கதவை மறைக்கிற இடமாகப் பார்த்து தெருவின் எதிர்ப்பக்கத்தில் நிறுத்திக் காட்டுவார். அந்த இடத்தில் புல்லே முளைக்கவில்லை.

கடைசியில் நுரையீரல் கெட்டுப் படுத்தார். அப்போதும் அதே பேச்சுதான். "சுல்மீரா, நான் போனப்புறமாவது அந்தக் கதவக் கழட்டிட்டுக் கண்ணாடி போடுறியா?"

அக்கா அவருக்குத் தலையணையைச் சரிசெய்துவிட்டாள். "மொதல்ல நீங்க வெளிய போகணும்ல? அதுக்கு இருக்கட்டும்."

எங்கள் ஊரில் சவத்தை அடுப்படி வழியாக எடுக்கமாட்டார்கள். கால் முன்னால் வர, அந்தப் பலகைக் கதவு வழியாகத்தான் அவர் போனார். அக்கா ஒரு கையால் அதைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.