மருமகன் படிப்பும் அண்ணார் கொடுத்த வாக்கும்

அண்ணாரின் திதிக்காக இதை அச்சுக்கோக்கும் ஐயா என் கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை இருந்தால் உறவினர்களும் என்னை மன்னிக்க வேண்டும். சபையில் பேசவும் எனக்கு வராது. ஆனாலும் அண்ணாரைப் பற்றி எழுத, உடன்பிறந்தவன் நான்தான் இருக்கிறேன்.

அண்ணார் பிறந்தது திருச்செங்கோட்டுக்கு மேற்கே எங்கள் காட்டு வீட்டில். மழை பொய்த்த வருடங்களில், மேட்டூரில் அணை கட்டும் இடத்துக்கு வேலைக்குப் போனார். நிலம் அளப்பவர்களுக்குச் சங்கிலி பிடிக்கும் வேலை. அங்கே வரைபடத்தை விரித்து உத்தரவு சொன்னவர்களில் நம் பக்கத்து ஆள் ஒருவரும் அவர் கண்ணில் படவில்லை. அதிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஊர் திரும்பிய பிறகும் சந்தை, நோன்பு, கல்யாணம் என்று எங்கே போனாலும், பையன்களைப் பிடித்து இன்ஜினீயரிங் காலேஜுக்குப் போகச் சொல்லுவார். பந்தியில்கூட விடமாட்டார்.

“கணக்கு நல்லா வருமா, சாமி?”

“மொதல்ல சோத்தத் திங்க உடுங்க மாமா” என்று பையன்கள் இலையோடு நகர்ந்து உட்காருவார்கள். அண்ணாரும் இலையோடு நகருவார். “காலேஜுக்காரர் வாராரு” என்று ஊரே கேலி செய்தது. அவர் அதைக் காதில் வாங்கியதில்லை.

எங்கள் தங்கை கணவனை இழந்தவள். அவள் மகன் செல்லப்பன் சேலத்தில் இண்டர்மீடியட் முடித்ததும், சென்னை இன்ஜினீயரிங் காலேஜில் இடம் கிடைத்தது. தங்கை அனுப்ப மறுத்தாள்.

“படிச்சுப்போட்டுப் பட்டணத்துப் புள்ளயக் கட்டீட்டு அங்கயே இருந்துட்டான்னா என்ற கதி என்னங்ண்ணா?”

“என்ற புள்ள பாவாயி இருக்கறாளே. அவன் படிச்சு முடிக்கற வரைக்கும் அவள வேற எங்கயும் குடுக்க மாட்டேன். போதுமா?” என்றார் அண்ணார்.

தாய்மாமன் மகள் முறைப்பெண்; தங்கை சம்மதித்துவிட்டாள். பாவாயியை யாரும் கேட்கவில்லை. அண்ணியார்தான், “சந்தையில மாட்டுக்கு அச்சாரம் போடற மாதிரி போட்டுட்டு வந்துட்டீங்களா?” என்று கேட்டார். அண்ணார் காட்டுப்பக்கம் நடந்துவிட்டார்.

அதன்பிறகு அவர் நடந்தது கொஞ்சமல்ல. எங்கள் காட்டுக்கும் தங்கை காட்டுக்கும் கிணறு பொது. மருமகன் மாடு பூட்டி இறைக்க வேண்டிய முறையையும் அண்ணாரே இறைத்தார். பாவாயியைக் கேட்டு நல்ல நல்ல இடங்கள் வந்தன. வண்டிச் சத்தம் கேட்டாலே பின்வாசல் வழியாகப் போய்விடுவார். பொழுது சாய்ந்து வந்து, “போயிட்டாங்களா?” என்பார். பெண்ணை வைத்துக்கொண்டு இருக்கிறார்களே என்ற பேச்சு அவர் முதுகுக்குப் பின்னால் வந்துகொண்டே இருந்தது.

சென்ற மாசியில், ஒரு பையனைக் காலேஜுக்கு அனுப்பச் சொல்லி அவன் தகப்பனாரிடம் பேச ஆத்தூருக்குப் போனவர் காய்ச்சலோடு திரும்பினார். படுக்கையிலும் கால்கள் அசைந்துகொண்டே இருந்தன. “ஆத்தூருப் பையன அனுப்பறாங்களாம்” என்று என்னிடம் சொன்னதுதான் கடைசியாகத் தெளிவாகப் பேசியது.

காரியம் முடிந்த அன்று பெரியவர்கள் கூடினார்கள். இறப்பு நடந்த வீட்டில் வருடத்துக்குள் கல்யாணம் செய்ய வேண்டும். தவறினால் மூன்று வருடம் பொறுக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். மருமகனுக்கோ வருடம் கழிந்து சித்திரையில்தான் கடைசிப் பரீட்சை. என்னைக் காட்டி, “ரெண்டு காட்டுக்கும் இவன் ஒருத்தன் பத்தாது. படிச்சது போதும், கல்யாணத்த முடிச்சுட்டுக் காட்டப் பாக்கட்டும்” என்று முடிவாயிற்று. தங்கையும் தலையாட்டினாள். காரியத்துக்கு வந்திருந்த செல்லப்பன், “செரிங்க” என்று தலைகுனிந்தான். நானும் வாய் திறக்கவில்லை.

உள்ளேயிருந்து பாவாயி கதவோரம் வந்தாள்.

“அவரு காலேஜுல இருந்து நிக்க வேண்டாமுங்க. படிப்பு முடியற வரைக்கும்னுதானுங்க எங்கய்யன் வாக்குக் குடுத்தாரு. இன்னும் முடியலீங்களே.”

“மூணு வருசம் ஆயிப்போயிருமே, கண்ணு?”

“ஆனா ஆகட்டுமுங்க.”

பெரியப்பா ஒருவர், “அப்பன் ஊரூரா நடந்து தொந்தரவு பண்ணுனான். இவ நின்ன எடத்துலயே பண்றா” என்றார். துக்க வீட்டில் அன்றுதான் சிரிப்புச் சத்தம் கேட்டது. மறுநாள் செல்லப்பன் ரயிலேறினான்.

அண்ணார் போய் அடுத்த மாதம் வருடம் முடிகிறது. அவளைக் காத்திருக்க விட்டது சரிதானா என்று எனக்கு இன்னும் மனம் ஒரு நிலையில் இல்லை. பாவாயியின் முகத்தைப் பார்த்தால் கேட்கவும் தைரியம் வருவதில்லை.

அண்ணாரின் காய்ச்சலில் உடனிருந்த வைத்தியருக்கும், இந்த வருடம் முழுவதும் கிணற்று முறைக்கு மாடு கொண்டுவந்து உதவிய பக்கத்துக் காட்டாருக்கும், காரியத்துக்குத் தோள் கொடுத்த பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. திதிக்கு வரும் உறவினர்களிடம் ஒரு விண்ணப்பம். பாவாயியிடம் எப்போது கல்யாணம் என்று கேட்க வேண்டாம். உங்கள் வீட்டில் கணக்கு நன்றாக வரும் பிள்ளை இருந்தால் அதை மட்டும் அவளிடம் சொல்லுங்கள்.

விய வருடம், தை மாதம் 20ஆம் நாள்.