நெனிதா கூப்பிட்ட நர்ஸ்

பிலிப்பைன்ஸில் பதினெட்டு வருஷம் நர்ஸாக இருந்து நூறு பிரசவம் பார்த்த கை நெனிதாவுடையது. கனடாவில் வின்னிபெக் நகரத்துக்கு வந்து, ஒரு முதியோர் இல்லத்தில் ஆறு வருஷம் கிழவர்களைக் குளிப்பாட்டி ஊட்டிவிட்டது அந்தக் கை. கனடா லைசென்ஸ் இல்லாதவள் தலைவலி மாத்திரையைக்கூடத் தொடக் கூடாதாம். யாராவது வலிக்கிறது என்றால், "இருங்க, நர்ஸைக் கூப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

பரீட்சையெல்லாம் முடிந்து ஒருவழியாக லைசென்ஸ் வந்தபோது அவளுக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. கூட வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ்காரன் ரோவெல், நல்ல சேதிக்கு ஊர் வழக்கப்படி பன்சித் நூடுல்ஸ் செய்து கொண்டுவந்தான்.

"இனிமே எங்களை விரட்டுறது நீங்கதான்க்கா. முகத்தைக் கொஞ்சம் கடுகடுன்னு வச்சுக்குங்க."

நெனிதாவுக்கு நூடுல்ஸ் சப்பென்று இருந்தது.

நர்ஸாக முதல் நாள் காலை, ஒன்பதாம் அறை வால்டர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"வலிக்குதும்மா."

"இருங்க, நர்ஸைக் கூப்பிடுறேன்" என்று வராந்தாவுக்கு ஓடினாள். நர்ஸ் மேசையில் ஆளில்லை.

"யாரைக்கா தேடுறீங்க?" என்றான் எதிரே வந்த ரோவெல்.

"நர்ஸை."

அவன் சிரிக்கவில்லை. அவள் கழுத்தில் தொங்கிய ஸ்டெதஸ்கோப்பை எடுத்து அவள் கையிலேயே வைத்தான்.