டெய்லர் அனுப்பிய ரோல்

எக்ஸ்ரேக்காரருக்கு போட்டோ பிடிக்கக் கற்றுக்கொடுத்தது ஒரு தகரப் பெட்டி. சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான். இப்போது என்ன, போனைத் தட்டினால் உலகத்து மேதாவிகள் எல்லாம் வரிசையில் நின்று பாடம் எடுக்கிறார்கள். படம் போட்ட மறு நிமிஷம் முந்நூறு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார்கள். அதில் ஒரு விரலாவது, 'வானம் வெளுத்துப்போச்சு, அடுத்த தடவை பார்த்துப் பிடி' என்று சொல்லுமா? அந்தப் பெட்டி சொல்லும்.

எக்ஸ்ரேக்காரரோடு சேர்த்து ஒன்பது பேர், ஒன்பது ஊர். ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே கிடையாது. ஒரு போட்டோ பத்திரிகையின் வாசகர் பக்கத்தில் விலாசம் பிடித்துச் சேர்ந்தவர்கள். ஆளுக்கொரு படத்தைக் கவரில் போட்டுப் பெட்டியில் வைப்பார்கள். பெட்டி தபாலில் ஊர் ஊராகப் போகும். வந்த ஏழு நாளைக்குள் மற்ற எட்டுப் படங்களையும் பார்த்து, படத்தின் பின்பக்கத்திலேயே குறை நிறை எழுதி, தன் பழைய படத்தை எடுத்துக்கொண்டு புதுசு வைத்து அடுத்தவருக்கு அனுப்பிவிட வேண்டும். யார் கையிலாவது நல்ல புத்தகம் சிக்கினால் அதுவும் பெட்டியில் ஏறிக்கொள்ளும். வெளிச்சத்தை அளப்பது பற்றிய ஒரு புத்தகம் ஒன்பது வீட்டையும் சுற்றி வந்ததில் அட்டையே கழன்றுவிட்டது.

எக்ஸ்ரேக்காரர் வேலை பார்த்தது ஒரு சின்ன ஆஸ்பத்திரியில். பெட்டி வந்த அன்றைக்கு மனுஷனுக்குத் தலைகால் புரியாது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக்கூட மறந்து, நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் படங்களைப் பரப்பிக்கொள்வார். அந்த ஒன்பது பேரில் கணக்கு வாத்தியார் எல்லாப் படத்துக்கும் 'சுமார்' என்று ஒரே வார்த்தைதான் எழுதுவார். பஸ் டிரைவர் ஒரு பக்கம் முழுக்கத் திட்டுவார். ஆனால் இவர் தேடிப் படிப்பது டெய்லர் எழுதியதை. 'இடது பக்கம் துணி மிச்சம், நறுக்குங்க.' 'தையல் நல்லாருக்கு, ஆனா ஆளுக்குப் பொருந்தல. கிட்டப் போய் எடுங்க.' சொன்ன இடத்தை விரலால் மறைத்துப் பார்த்தால் படம் சட்டென்று நிமிர்ந்துகொள்ளும். போகப் போக இருவரும் தனியாகவும் கடிதம் போட ஆரம்பித்தார்கள். ஒன்பது வருஷம். கூடப்பிறந்த அண்ணனுக்குக்கூட எக்ஸ்ரேக்காரர் அத்தனை கடிதம் எழுதியதில்லை.

டெய்லரிடம் இருட்டறை கிடையாது. இவருக்கு எக்ஸ்ரே பிலிம் கழுவ ஆஸ்பத்திரியே கட்டிக்கொடுத்த இருட்டறை இருந்தது. மதிய இடைவேளையில் அதில் சொந்தப் பிலிம் கழுவுவதைப் பெரிய டாக்டர் கண்டும் காணாமல் விட்டுவிடுவார். அதனால் டெய்லர் தன் ரோல்களையெல்லாம் கழுவித் தரச் சொல்லி இவருக்கே அனுப்புவார்.

அப்படி ஒரு நாள் ஒரு ரோல் வந்தது. டெய்லரின் ஒரே மகள் கடல் தாண்டி வேலைக்குப் போயிருந்தாள். வீட்டு வாசலில் கிளம்பியதிலிருந்து விமான நிலையத்துக்குள் நுழையும் வரை முப்பத்தாறு படம். 'பத்திரம் சார். அவ அம்மா தினமும் கேக்குறா' என்று எழுதியிருந்தார்.

எடுத்து முடித்த ரோலில் பிலிமின் நாக்கு, அதாவது நுனி, உள்ளே போயிருக்கும். புது ரோலில்தான் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கேமரா பிடிக்கிறவர்களுக்கு அதுதான் அடையாளம். ஆனால் டெய்லர், கழுவுகிறவருக்கு இழுக்கச் சுலபமாக இருக்கட்டுமே என்று நாக்கை வெளியே விட்டே சுற்றுவார். அது தெரிந்திருந்தும் எக்ஸ்ரேக்காரர் ஏதோ ஞாபகத்தில் அந்த ரோலைத் தன் புது ரோல்களோடு டிராயரில் போட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அதையே எடுத்துக் கேமராவில் மாட்டி, வீட்டில் கண்ணில் பட்டதையெல்லாம் பிடித்துத் தள்ளினார். மனைவி, பிள்ளைகள், மாடிக் கொடியில் காய்கிற துணி. முப்பத்தாறும் தீர்ந்தது.

கழுவி எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கொடித்துணிகளுக்கு நடுவே, முன்பின் பார்த்திராத ஒரு பெண் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். டெய்லர் எடுத்த படத்தின் மேலேயே இவர் படமும் விழுந்திருந்தது.

அதுவரை நடந்தது கைத்தவறு. அடுத்து அவர் செய்ததுதான் அநியாயம். எனக்கு அந்த மனுஷனைப் பிடிக்கும், ஆனாலும் சொல்லத்தானே வேண்டும்? 'ரோல் வெறுமையா இருக்கு சார். மாட்டும்போது பிலிம் பல்சக்கரத்துல சிக்காம விட்டிருக்கும். யாருக்கும் நடக்கிறதுதான், மனச விட்டுடாதீங்க' என்று எழுதிப் போட்டார். பொய்யும் சொல்லி, ஆறுதல் வேறு.

'என் கை தப்புதான் சார்' என்று ஒரே வரியில் பதில் வந்தது.

அடுத்த சுற்றில் பெட்டி வந்தபோது டெய்லரின் கவர் காலி. அதற்கடுத்த சுற்றிலும் காலி. மூன்றாவது தடவை உள்ளே ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. 'கேமராவை வித்துட்டேன். இனிமே எட்டுப் பேரா நடத்துங்க.'

எக்ஸ்ரேக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. அந்த நெகட்டிவை அவர் தூக்கிப் போட்டிருக்கவில்லை. எக்ஸ்ரே உறை ஒன்றுக்குள் பீரோவில் கிடந்தது. அதை மறுபடி பிரித்துப் பார்க்கத்தான் தைரியம் வரவில்லை. கடைசியில் மனைவியிடம் சொன்னார்.

"ஒரு வருஷமா இத வயித்துல வெச்சுக்கிட்டா என்கூடக் குடித்தனம் பண்ணீங்க?" என்றாள் அவள். "லெட்டர்ல எழுதித் தப்பிச்சுக்கலாம்னு பார்க்காதீங்க. நேர்ல போய்ச் சொல்லுங்க."

ஆறு மணி நேரம் பஸ். சந்து முனையில், இரண்டு மிஷின் மட்டும் கொள்ளும் கடை. அதன் பின்னாலேயே வீடு. கழுத்தில் டேப்போடு ஒல்லியாக ஒருத்தர் துணியை அளந்துகொண்டிருந்தார். சாக்கால் கோடு போட்டார். திரும்ப அளந்தார். கத்தரியை எடுத்தவர் கீழே வைத்துவிட்டு மறுபடியும் அளந்தார்.

"நான்தான் எக்ஸ்ரே" என்றார் இவர்.

"எக்ஸ்ரே சாரா? வாங்க வாங்க. வரேன்னு ஒரு வார்த்தை எழுதக் கூடாதா?" டெய்லரின் முகம் மலர்ந்ததை இவரால் பார்க்க முடியவில்லை. வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சை விட்டுவிட்டார். உறையை நீட்டி, "ரோல் வெறுமையா வரல. நான்தான் அது மேல படம் எடுத்துட்டேன். பயந்துபோய்ப் பொய் எழுதிட்டேன்" என்றார்.

டெய்லர் பிலிமை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"படம் போனது போகட்டும் சார்" என்றார் கடைசியில். "கைத்தவறு எனக்கும் வரும். ஆனா ஒரு வருஷமா நான் இந்தக் கைய நம்பல. ஒரு சட்டைய வெட்ட மூணு தடவை அளக்குறேன். பொண்ணு போற அன்னைக்குக்கூட ஒரு வேலைய ஒழுங்கா செய்யத் தெரியலையான்னு வீட்டுல கேட்டா. ஆமான்னு தலையாட்டினேன்." உள்பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "நீங்களே அவகிட்டச் சொல்லுங்க சார்."

இவர் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். அந்த அம்மா இவரைப் பார்க்கவே இல்லை. கணவனைத்தான் பார்த்தாள். "நான் என்னென்ன பேசிட்டேன் உங்கள" என்றாள். பிறகு பிலிமை வாங்கி, எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கறுப்பும் வெளுப்பும் தலைகீழாக இருந்ததில் அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"எங்க சார் இருக்கா?"

எக்ஸ்ரேக்காரர் விரலால் காட்டினார். "இங்கதாம்மா. இது வாசப்படி. இது அவங்க பெட்டி."

"சிரிக்கிறாளா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தத் தாய் மனசு குளிர்ந்துவிடும். அவள் எங்கே கண்டாள்? இவர் குனிந்து நன்றாகப் பார்த்தார்.

"தெரியலம்மா" என்றார். "முகத்து மேல என் வீட்டுத் துணி விழுந்திருக்கு."

அவள் பிலிமைக் கீழே வைக்கவில்லை.

"முப்பத்தாறு இருக்குல்ல" என்றாள். "அடுத்ததுல பாருங்க."

மூன்று பேரும் வெளிச்சத்துக்கு நகர்ந்தார்கள்.