பிக்கப் வண்டியின் கண்ணாடி பம்பு

எங்கள் பிக்கப் வண்டியின் முன்கண்ணாடியை ஒரு வருஷத்துக்கு மேல் துடைத்தவள் நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைப்பட அதில் ஒன்றும் கிடையாது. ஆனால் நான் நாலாம் வகுப்புக்கு மேல் ஏதோ கொஞ்சம் படித்தேன் என்றால் அந்த அழுக்குத் துணியின் தயவில்தான் படித்தேன்.

தாராவியில் பெரியவாப்பாவுக்கு ஒரு டேனரி, அதாவது தோல் பதனிடும் பட்டறை, இருந்தது. பெரியவாப்பா என்றால் என் வாப்பாவின் அண்ணன். அண்ணனை நாங்கள் காக்கா என்போம். டேனரி பெயரளவில் இரண்டு பேருக்கும் சொந்தம். பேசுகிற உரிமை ஒருவருக்கு மட்டும். பதனிட்ட தோலைக் காலையில் மஸ்ஜித் பந்தர் குடோனில் இறக்கிவிட்டு, உப்பு மூட்டையும் மரப்பட்டையும் ஏற்றிக்கொண்டு மத்தியானம் திரும்புவது வாப்பாவின் வேலை. வண்டி பழைய அமெரிக்க வண்டி. எங்களுக்கு முன்னால் ஒரு ஐஸ் வியாபாரியிடம் இருந்தது. முன்பக்க மட்கார்டு இரண்டும் கன்னத்தில் வெற்றிலை அடக்கியது மாதிரி உப்பிக்கொண்டு இருக்கும்.

அந்த வண்டியில் ஒரு விசேஷம் இருந்தது. டிரைவரின் காலடியில், கிளட்சுக்குப் பக்கத்தில், ஒரு ரப்பர் குமிழ். அதை மிதித்தால் பானட்டுக்குள் இருக்கும் ஜாடியிலிருந்து தண்ணீர் ஏறி முன்கண்ணாடியில் பீய்ச்சும். பிறகு வைப்பரைப் போட்டால் கண்ணாடி சுத்தம். அப்படித்தான் ஐஸ் வியாபாரி சொல்லி விற்றார். எங்களிடம் வந்தபோது ரப்பர் வெடித்துப் போயிருந்தது. மிதித்தால் தண்ணீர் வாப்பாவின் செருப்பைத்தான் கழுவியது.

தாராவித் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரைதான், அதற்கு மேல் மாட்டுங்காவுக்குப் போக வேண்டும். நான் நாலை முடித்ததும் பெரியவாப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"பொம்பளப் புள்ளைக்கு நாலே ஜாஸ்தி. மாட்டுங்கா வரைக்கும் யாரு கூட்டிட்டுப் போறது? போதும்."

வாப்பா எதிர்த்துப் பேசவில்லை. டேனரி ஆட்களிடம் தொண்டை கிழியக் கத்துகிற மனிதருக்கு அண்ணன் முன்னால் மட்டும் நாக்கு சுருண்டுகொள்ளும். நாலு நாள் பொறுத்து வேறு வழியாக வந்தார்.

"கண்ணாடி தொடைக்க ஆளில்லாம வண்டி ஓட்ட முடியல காக்கா. ஒரு பையன வச்சா சம்பளம் குடுக்கணும். இவ வரட்டும். போற வழியில பள்ளிக்கூடத்துல எறக்கி விடுதேன், வாரப்ப ஏத்திக்கிடுதேன்."

சம்பளம் மிச்சம் என்றதும் பெரியவாப்பா தலையை ஆட்டினார். அப்படித்தான் நான் மாட்டுங்காவில் ஐந்தாம் வகுப்பில் சேர்ந்தேன். இந்த உள்விவரமெல்லாம் நான் கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகு உம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போது நான் நினைத்தது வேறு. கண்ணாடி துடைப்பது என் உத்தியோகம். நடுவில் கொஞ்ச நேரம் பள்ளிக்கூடம்.

உத்தியோகம் எனக்குப் பிடித்திருந்தது. ஆலைப் புகையும் ரோட்டுத் தூசியும் கண்ணாடியில் அப்பும். மழைக்காலத்தில் முன்னால் போகிற லாரி சேற்றை வாரி அடிக்கும். வெறும் வைப்பரைப் போட்டால் அது சேற்றை வட்டமாகத் தேய்த்துவிட்டு நிற்கும். வண்டி எங்காவது நின்றதும் நான் கதவைத் திறந்து ஃபுட்போர்டில் ஏறி நின்று, டின்னில் இருக்கும் தண்ணீரை ஊற்றித் துடைப்பேன். பக்கத்து டாக்ஸிக்காரர்கள் "ஷாபாஷ் பேட்டி", சபாஷ் மகளே, என்பார்கள். வகுப்பில் எந்த டீச்சரும் என்னை ஷாபாஷ் என்று சொன்னதில்லை.

ஆறாம் வகுப்பு தொடங்கிய ஜூன் மாதம், முதல் மழையில், சயான் முனையில் கால் வழுக்கி விழுந்தேன். இரண்டு முழங்காலும் கிழிந்தன. பின்னால் வந்த டாக்ஸி கிறீச்சென்று நின்றது. வாப்பா என்னைத் தூக்கி உள்ளே போட்டுக்கொண்டு, "வீட்ல கேட்டா பள்ளிக்கூடத்துல வெளயாடி விழுந்தேன்னு சொல்லணும், என்ன?" என்றார்.

நான் உண்மையைச் சொல்லவில்லை. ஆனால் மாமாவிடம் யாராலும் எதையும் மறைக்க முடியாது. மாமா என்றால் உம்மாவின் தம்பி. குர்லாவில் ஒரு கராஜில் பிட்டர். எங்கள் வீட்டுப் பரணில்தான் படுக்கை. முழங்காலைப் பார்த்தார், சட்டையில் இருந்த கிரீஸைப் பார்த்தார். "பள்ளிக்கூடத்துல கிரீஸ் பாடம் நடத்துதாவளோ?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"ஏன் மச்சான், ஒரு துண்டு ரப்பருக்காவ புள்ளய பலி குடுக்கப் பாக்கியளா?" என்று வாப்பாவைப் பிடித்தார்.

"பார்ட்டு எங்க கெடைக்கி மாப்ள?"

"நா கொண்டாந்து போடுதேன்."

"வேண்டாம்ல. பழைய வண்டி. ஒண்ண நோண்டுனா ஒம்பது போவும்."

"நோண்டுததுதான மச்சான் எனக்குப் பொழப்பு."

மாமா இதைக் கஞ்சத்தனம் என்றுதான் எடுத்துக்கொண்டார். வேறு எப்படி எடுத்துக்கொள்வார்? வாப்பா அவரைத் தனியாகக் கூட்டிப்போய், "பம்பு ஓடுனா இவ பள்ளிக்கூடம் நின்னுரும்ல" என்று சொல்லியிருக்கலாம். ஒரு வரி. மாமாவிடம் சொன்னால் உம்மாவுக்குப் போகும், உம்மாவிடமிருந்து பெரியம்மாவுக்குப் போகும், அங்கிருந்து பெரியவாப்பாவுக்குப் போக ராத்திரிச் சோறு வரைக்கும்கூட ஆகாது என்று பயந்தாராம். பயம்! எங்கள் வீட்டு ஆண்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பயந்தார்கள். அதை மரியாதை என்று சொல்லிக்கொண்டார்கள்.

மாமா சோர் பஜாரில் தேடினார், குர்லா பழைய இரும்புக் கடைகளில் தேடினார். அந்த ரப்பர் கிடைக்கவில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"தோலுக்குள்ளயே படுத்துக் கெடந்துகிட்டு ரப்பரத் தேடுதேன் பாரு, மடையன்."

மெல்லிய ஆட்டுத்தோலாக எடுத்து, இரண்டு மடிப்பாக வெட்டி, மெழுகு நூலால் நெருக்கித் தைத்து, ஒரு பை மாதிரி செய்தார். பழைய குமிழ் இருந்த இடத்தில் இரும்புப் பட்டை போட்டு முடுக்கினார். தண்ணீரில் ஊறிக் காய்ந்தால் தோல் வெடிக்குமே என்று உள்ளும் புறமும் மீனெண்ணெய் தேய்த்தார். தாராளமாகத் தேய்த்தார். எங்கள் டேனரியில் தோல் என்றால் எண்ணெய் போடுவார்கள். சோற்றுக்கு உப்பு மாதிரி. அதை யாரும் யோசிப்பதில்லை. சுற்றி நின்ற ஆறு பேரும் தோல்காரர்கள். ஒருவருக்கும் தோன்றவில்லை. வாப்பாவுக்கும் தோன்றவில்லை.

மறுநாள் மூன்று பேரும் வண்டியில் போனோம். மாட்டுங்காவில் கோயிலுக்குப் பக்கத்துத் திருப்பத்தில் ஒரு டபுள் டெக்கர் பஸ் சேற்றை வாரி அடித்தது.

"மிதிங்க மச்சான்!" என்றார் மாமா, தன் கல்யாணமே அதில் இருப்பது மாதிரி.

வாப்பா மிதித்தார். தண்ணீர் பீய்ச்சியது. நான் கைதட்டினேன். வைப்பர் ஒரு தரம் போய்த் திரும்பியதும் கண்ணாடி பால் ஊற்றியது மாதிரி வெளுத்துவிட்டது. தண்ணீரோடு மீனெண்ணெயும் வந்திருந்தது. வைப்பர் துடைக்கத் துடைக்க அது பரவியது. ரோடு தெரியவில்லை, பஸ் தெரியவில்லை. வாப்பா பிரேக்கில் ஏறி நின்றார். வண்டி நடைபாதையில் ஒரு சக்கரத்தை ஏற்றி, ஒரு தேங்காய்க் கைவண்டியை இடித்துக்கொண்டு நின்றது. தேங்காய்கள் தெருவெல்லாம் உருண்டன.

ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வாசனை கிளம்பிவிட்டது. குடையோடு கோயிலுக்கு வந்த ஒரு ஐயர் வேஷ்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னய்யா இது! கோயில் வாசல்ல கொண்டுவந்து மீன் வண்டிய நிறுத்தறேளே!"

"இது தோல் வண்டி சாமி. இன்னைக்குத்தான் மீன் வண்டி ஆயிருக்கு," என்றார் வாப்பா.

"தோலா! அதுக்கு மீனே தேவலையே!"

நான் இறங்கித் தேங்காய் பொறுக்கினேன். பள்ளிக்கூடத்தில் அன்று எனக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

சாயங்காலம் வாப்பா செய்த காரியம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. டேனரி ஆட்கள் எல்லோரும் இருக்கும்போது மாமாவைப் போட்டுக் கிழித்தார்.

"வாங்க இஞ்சினியர் சார்! மீன் கொழம்புக்குப் பம்பு வச்ச ஆளு பம்பாயிலயே நீருதான் வேய்! அடுத்தாப்புல புளித்தண்ணிக்கு ஒண்ணு வைக்கியளா?"

எல்லோரும் சிரித்தார்கள். பெரியவாப்பாகூடச் சிரித்தார். கேலி செய்தால் மாமா கையைக் கழுவிவிட்டுப் போய்விடுவார் என்று வாப்பா கணக்குப் போட்டார். மச்சினனை அவ்வளவுதான் தெரிந்து வைத்திருந்தார். மாமாவைக் கேலி செய்தால் அவர் வேலையை விட மாட்டார், சாப்பாட்டைத்தான் விடுவார். அன்று ராத்திரி உம்மா வைத்த சோற்றைத் தொடவில்லை.

ஒரு வாரத்தில் கொண்டுவந்தார். பழைய டாக்ஸிகளில் கையால் அமுக்கிப் பாம் பாம் என்று அடிப்பார்களே, அந்த ஹாரனின் ரப்பர் குமிழ். நல்ல கனமான கறுப்பு ரப்பர். ஒரு சொட்டு எண்ணெய் படாமல் சோப்புப் போட்டுக் கழுவி மாட்டினார். குழாய்களை மாற்றினார். கண்ணாடியைச் சீயக்காய் போட்டு அவரே துடைத்தார்.

"மருமவளே, நீ ஏறி மிதி," என்றார்.

வாப்பாவின் இடத்தில் உட்கார்ந்து, கால் எட்டாமல் சறுக்கி இறங்கி, மிதித்தேன். இரண்டு பக்கமும் தண்ணீர் விசிறி மாதிரி விரிந்து கண்ணாடியில் விழுந்தது. அவ்வளவு அழகு. மறுபடி மிதித்தேன். ஜாடி காலியாகும் வரை மிதித்துக்கொண்டு கத்தினேன். ஆட்கள் விசில் அடித்தார்கள். வாப்பா மட்டும் சிரிக்கவில்லை.

"இந்த ரப்பரு எத்தன நாளைக்கு மாப்ள வரும்?" என்று கேட்டார்.

"வண்டி போனாலும் இது போவாது மச்சான். ஏக்தம் பக்கா!"

பாராட்டத் தெரியாத மனிதர் என்று எனக்கு வாப்பா மேல் கோபம் வந்தது. பெரியவாப்பா வந்தார். வண்டியில் ஏறி உட்கார்ந்து அவரும் மிதித்தார், சின்னப் பிள்ளை மாதிரி. இறங்கும்போது தாடியைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"நல்லதாப் போச்சு. இனி புள்ள எதுக்கு வண்டில?"

வாப்பா வாயைத் திறந்தார். "தோல் கட்ட எண்ணி எறக்க..." என்று ஏதோ தொடங்கினார்.

"எண்ணுததுக்கு ஒனக்கு வெரல் இல்லையா?"

முடிந்தது. அவ்வளவுதான் பேச்சு. உம்மாவுக்கும் அப்போது வயிற்றில் ஏழு மாசம். பிள்ளை பிறந்து தவழும் வரை வீட்டில் இருந்து ஒத்தாசை செய்யட்டும் என்று எனக்குச் சொன்னார்கள். நான் சந்தோஷமாகத் தலையாட்டினேன். மாமா அதே வாரம் தனக்குப் பெண் பார்த்திருப்பதாக வந்த கடிதத்தின் பேரில் ஊருக்குப் போய்விட்டார்.

நிச்சயம் முடிந்து அவர் திரும்பியபோது தம்பி பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. காலையில் வண்டி கிளம்பும் நேரம். மாமா வாப்பாவின் பின்னாலேயே வந்து, நான் வழக்கமாக உட்காரும் பக்கத்துக் கதவைத் திறந்து பார்த்தார்.

"எங்க மச்சான் மருமவ? இன்னைக்கு லீவா?"

"அவள நிப்பாட்டியாச்சு."

"வண்டியிலேருந்தா?"

"பள்ளிக்கூடத்துலேருந்து."

"ஏன்?"

வாப்பா காலடியைப் பார்த்தார். மாமாவும் பார்த்தார். தம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலில் நின்ற எனக்கு இரண்டு பேரும் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவது மாதிரி இருந்தது.

மாமா குனிந்து அந்த ரப்பர் குமிழைப் பிடித்து இழுத்தார். பட்டை கழன்று வரவில்லை. காலை வைத்து அமுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் பிய்த்தார். குழாயோடு வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு டேனரிக்குள் போய்ப் பெரியவாப்பாவின் மேஜை மேல் வைத்தார்.

"பம்பு போச்சு காக்கா. கண்ணாடி தொடைக்க புள்ள வேணும்."

பெரியவாப்பா அதை விரலால் தள்ளினார்.

"அவளுக்கு இப்ப வீட்ல வேல இருக்குல்லா. நீதான வச்ச? நீயே போய்த் தொடச்சிக்கோ."

மாமா வெளியே வந்தார். நான் அதற்குள் தம்பியை உம்மாவிடம் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தேன். பிய்ந்த குழாயிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் மாமாவின் வயிற்றில் இரண்டு கையாலும் குத்தினேன்.

"ஏன் மாமா பிய்ச்சிய? நல்லாத்தான அடிச்சிச்சு! எவ்வளவு அழகா அடிச்சிச்சு!"

அவர் தடுக்கவில்லை. குத்தட்டும் என்று நின்றார். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. நான் பலமாகக் குத்திவிட்டேன் என்று நினைத்து நிறுத்தினேன். பிறகு ராத்திரி வரை அழுதேன். பம்புக்காக அழுதேன். பள்ளிக்கூடத்துக்காக ஒரு சொட்டுக்கூட அழவில்லை. தம்பி தவழத் தொடங்கியதும் என்னைத் திரும்ப அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன்.